யாரும் எடுக்காத இதழ்

எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் அவருக்குப் பெயர் அடிக்குறிப்பு அக்கா. "ஆய்வுகள் சொல்கின்றன" என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், "எந்த ஆய்வு?" என்று பிடித்துக்கொள்வார். அவரைக் கண்டதும் பேராசிரியர்கள் வேறு படிக்கட்டில் நழுவுவதை நானே பார்த்திருக்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை காலை, அக்காவின் மகள் கைக்குழந்தையோடு வந்தாள். அவளுக்கு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. பிரசவ விடுப்பு அன்றோடு முடிகிறது. கையில் ராஜினாமாக் கடிதம்.

"மூணு வயசுக்குள்ள அம்மா வேலைக்குப் போனா பிள்ளை நம்மகிட்ட ஒட்டாதாம்மா. குடும்ப ஆலோசகர் சொன்னாங்க. ஆராய்ச்சியே இருக்காம், புத்தகம்கூட குடுத்தாங்க."

அழுதழுது கண் வீங்கியிருந்தது. எத்தனை ஆசையாகப் படித்து வாங்கிய வேலை!

"சாயங்காலம் வரைக்கும் அந்தக் கடிதத்தைக் குடுக்காத" என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டார் அக்கா.

அக்கா அந்த ஆராய்ச்சியைத் தேடிப் போய்விட, அன்று முழுக்க கவுன்ட்டரில் நான் ஒற்றை ஆள். புத்தகம் ஒரு கட்டுரையைக் காட்டியது, அது இன்னொன்றைக் காட்டியது. ஒருவர் நிரூபணமாகிவிட்டது என்கிறார். அவர் நம்பிய எங்கள் மாடிப் பேராசிரியரோ இருக்கலாம் என்றுதான் எழுதியிருக்கிறார். அவரும் கைகாட்டியது நாற்பது வருடப் பழைய இதழ் ஒன்றை. அது எங்கள் கீழ்த்தளத்திலேயே இருந்தது.

அட்டைக்குள் ஒட்டியிருந்த தேதிச் சீட்டில், யாரும் இரவல் எடுத்ததற்கு ஒரு முத்திரைகூட இல்லை.

"மாடியில இருக்கற மகராசன் இதை எப்பப்பா படிச்சார்?" என்றார் அக்கா. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

உள்ளே இருந்தது, மாதக்கணக்கில் தாயைப் பார்க்காமல் மருத்துவமனையில் கிடந்த இருபத்துமூன்று குழந்தைகளின் கதை. மாலை மகள் வந்ததும் அக்கா அதன் கடைசிப் பத்தியில் விரலை வைத்துக் காட்டினார்.

"மாலையில் வீடு திரும்பும் தாய்மார்களின் குழந்தைகளுக்கு இம்முடிவு பொருந்தாது."

மகள் இரண்டு முறை படித்தாள். கடிதத்தை நாலாகக் கிழித்தாள். அதில் ஒரு துண்டைக் குழந்தை வாயில் போடப் பார்த்தது.

"நான் பிறந்தப்ப நீ எட்டு வருஷம் இந்த வேலைய விட்டுட்டு இருந்தியேம்மா, அது ஏன்?"

"டாக்டர் இதையேதான் சொன்னார். எந்த ஆராய்ச்சின்னு கேக்கத் தெரியல."

வேலைக்குத் திரும்பி வந்தபோது, தான் வேலை பழக்கிவிட்டவர்களுக்குக் கீழேயே அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அக்கா அந்த வெள்ளைச் சீட்டில் தன் பேருக்கு முதல் முத்திரையைக் குத்தினார்.

"நான் வேலைய விட்டுட்டுப் போன அன்னிக்கும் இது இதே அலமாரியிலதான்டி இருந்துச்சு" என்றார்.