முந்நூற்றுப் பன்னிரண்டு கைநாட்டு

பாலக்கோடு தாலுகா ஆபீசுக்கு எதிரே, பீடிக்கடையை ஒட்டி ஒரு மடக்கு மேசை போட்டு உட்கார்ந்திருந்த நூர் பாஷாவைத் தெரியாதவர்கள் அந்தப் பக்கத்தில் கிடையாது. மனு எழுதுவது அவர் தொழில். பட்டா மாறுதலா, முதியோர் பென்ஷனா, மருமகள் மேல் புகாரா, எதுவானாலும் பாயிடம் போனால் போதும். வந்தவர் நாலு வார்த்தை சொல்வதற்குள் பாய் நாலு பக்கம் எழுதிவிடுவார். அதுவும் என்ன எழுத்து! வரப்புத் தகராறு என்று வந்த ஒரு ஆள், தன் மனுவைப் பாய் படித்துக் காட்டக் கேட்டு, 'எனக்கு இவ்வளவு கஷ்டமா!' என்று தேம்பித் தேம்பி அழுதுவிட்டுப் போனார். தாசில்தார்கள் எத்தனையோ பேர் வந்து மாற்றலாகிப் போனார்கள். பாயின் 'கண்ணீரும் கம்பலையுமாக' மட்டும் ஒரு மனுவிலும் மாறவில்லை.

அவர் மனைவி ரஹமத் பீவிக்கு இதிலெல்லாம் பெரிய மதிப்பு கிடையாது. "ஊர்ல இருக்கறவங்க எல்லாருக்கும் நீங்கதான் பேசறீங்க. அவங்க என்ன பேச வந்தாங்கன்னு என்னிக்காவது காது குடுத்துக் கேட்டீங்களா?" என்பாள். "உனக்கு என்ன தெரியும் போ" என்று பாய் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

பொதுமக்கள் மனு எழுதுவதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். மனுவை எழுதி, அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கைநாட்டு வாங்குவது ஆகிற காரியமா? அதனால் முதலில் வெள்ளைத் தாளில் கைநாட்டு வாங்கி வந்துவிட வேண்டும், பக்கத்தில் பெயர் எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான். மேலே வைக்கிற பக்கத்தைப் பாய் நிதானமாக எழுதிச் சேர்த்துத் தைத்துவிடுவார். ரோடு வேண்டும், பஸ் வேண்டும் என்கிற மனுக்களில் இதனால் ஒரு கேடும் வந்ததில்லை. மாதையன் விஷயத்தில்தான் வந்தது.

மாதையன் பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்து ஊர்க்காரன். எண்பத்திரண்டாம் வருஷம் ஒரு மத்தியானம் குடித்துவிட்டு வந்தான். மனைவி பெரியம்மாள் மேல் இல்லாத சந்தேகம் வேறு. அவளையும் இரண்டு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளிவிட்டான். மூன்று பேரும் செத்துப்போனார்கள். பாவி, தான் மட்டும் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் உட்கார்ந்துகொண்டான். தூக்கு என்று கோர்ட் சொன்னது. மெட்ராஸிலும் அதையே சொன்னார்கள், டில்லியிலும் அதையே சொன்னார்கள். எண்பத்தைந்தில் ஜனாதிபதியிடம் கருணை கேட்பது ஒன்றுதான் பாக்கி.

அந்தக் கருணை கிடைத்துவிடக் கூடாது என்றுதான் பெரியம்மாளின் தம்பி சென்னப்பன் பாயிடம் வந்தான். பாப்பாரப்பட்டிச் சந்தையிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் வாங்கிய முந்நூற்றுப் பன்னிரண்டு கைநாட்டு அவன் பையில் இருந்தது. எல்லாம் வெள்ளைத் தாள், பாய் சொல்லிக்கொடுத்த வழிதான். பாய்க்கும் அந்தப் பிள்ளைகளை நினைத்து வயிறு எரிந்தது. ராத்திரி பகல் பாராமல் எழுதினார். 'இக்கொடியவன் உயிரோடிருக்கும் வரை எங்கள் வட்டாரத்தில் தாய்மார்கள் கண் மூட மாட்டார்கள். இவனைத் தூக்கிலிட வேண்டும் என்பதே பொதுமக்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் ஒருமித்த கருத்து' என்று முடித்தார். மனு டில்லிக்குப் போனது, தினசரியிலும் வந்தது. பாய் அதைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நாலு நாள் டீக்கடையில் காட்டிக்கொண்டிருந்தார்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு அம்மாள் வந்து மேசைக்கு முன்னால் நின்றாள். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"நான் மாதையனோட ஆத்தாங்க. தீர்த்தம்மான்னு பேருங்க."

பாய் பேனாவைக் கீழே வைத்தார். செத்துப்போன பிள்ளைகள் இவளுக்கும் பேரப்பிள்ளைகள்தானே என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. மனுவில் அப்படி ஒரு வரி அவர் எழுதியிருக்கவில்லை.

"எம்மவன் பண்ணது தப்பில்லன்னு சொல்ல வரலீங்க. அந்தப் பாவத்த எந்த ஆத்துல போயி கழுவறதுங்க? உசுர மட்டும் உட்டுறச் சொல்லி ஒரு மனு எழுதணும்னு வக்கீல் சொன்னாருங்க. ஊர்க்காரங்க கைநாட்டு வேணும்னாரு. வூடு வூடா போனேன். எல்லாரும் நாங்க ஏற்கெனவே வெச்சிட்டோமேன்னாங்க. எதுக்கு வெச்சீங்கன்னு கேட்டேன். ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க பாய். கெணத்துக்குச் சுத்துச்செவுரு கட்டறதுக்குன்னு ஒருத்தரு, குள்ளம்மாளுக்கு சர்க்கார் பணம் வர்றதுக்குன்னு ஒருத்தரு. தூக்குக்குன்னு சொன்னதும் பக்கத்து வூட்டு ஆண்டி அப்படியே உக்காந்துட்டாரு."

குள்ளம்மாள் என்பது பெரியம்மாளையும் சென்னப்பனையும் பெற்றவள். பாய் மனுவின் கார்பன் காப்பியோடு வைத்திருந்த பெயர்ப் பட்டியலை எடுத்துப் பார்த்தார். முதல் பெயரே அவளுடையதுதான்.

அன்று வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். கேட்டுத் தெரிந்துகொண்ட ரஹமத் பீவி இந்தத் தடவை கிண்டல் செய்யவில்லை.

"முந்நூறு பேர் வாயில நீங்க வார்த்தைய போட்டுட்டீங்க. போயி கேளுங்க."

"யார்கிட்ட?"

"முந்நூறு பேர்கிட்டயும்தான். அந்தப் பையன் கழுத்து மேல இருக்கிறது அந்தத் தாளு. அல்லாவுக்கு என்ன பதில் சொல்லப்போறீங்க?"

மனுக் கொடுக்க வக்கீல் சொன்ன கெடுவுக்கு இருபது நாள் இருந்தது. மேசையை மடக்கிப் பீடிக்கடையில் போட்டுவிட்டு, காலையில் முதல் பஸ்ஸில் ஏறிப் பாப்பாரப்பட்டி போனார் பாய். பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாக, களத்துமேடு களத்துமேடாக நின்றார். முதலில் தான் எழுதியதைப் படித்துக் காட்டுவார். பிறகு, "இது உங்க கருத்துதானுங்களா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பது அவருக்குத்தான் தெரியும்.

எல்லாரும் மாதையனுக்காக உருகினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். "ஆமாங்க பாய், அவன தொங்கவுடணும், இன்னொரு கைநாட்டு வேணும்னாலும் வெக்கறேன்" என்றவர்கள் கணிசமாக இருந்தார்கள். பெண்பிள்ளைகளைப் பெற்ற தகப்பன்மார்கள் அதிகம் அப்படிச் சொன்னார்கள். மாது என்கிற கிழவர், "கோழியறுக்கறதுக்கே எம்பொண்டாட்டி பக்கத்து வூட்டுக்காரனக் கூப்புடுவா, என் கை நடுங்கும். ஒரு மனுசன தூக்குல போடச் சொல்லி நானா வெச்சேன்?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். காலையில் தூக்கு என்றவர் ஒருவர், சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடிவந்து, "வேண்டாம்னு போட்டுக்குங்க, மனசு ஒரு மாதிரியா இருக்கு" என்றார். கன்னடம் பேசுகிற ஒரு அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நனகே கொத்தில்லா" என்று தலையை ஆட்டினாள். தெரியவில்லை என்பதும் ஒரு கருத்துதானே! பாய் அதையும் எழுதிக்கொண்டார்.

விஷயம் சென்னப்பன் காதுக்குப் போகாமல் இருக்குமா? ஆறாம் நாள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே வழிமறித்துவிட்டான்.

"என்னா பாய், எங்கக்காவுக்கு எத்தன பேரு, அவனுக்கு எத்தன பேருன்னு எலக்ஷன் நடத்தறீங்களா?"

"இல்லப்பா. வெள்ளத்தாள்ல வாங்கச் சொன்னது என் தப்பு. அதத்தான்..."

"நான் யாரையும் ஏமாத்தல பாய். எங்கக்காவுக்காக ஒரு மனுன்னு சொன்னேன். தூக்குன்னு என் வாயால சொல்ல முடியல. அவங்களும் கேக்கல, வெச்சிட்டாங்க." சட்டையைப் பிடிக்க வந்தவன் நடுரோட்டில் நின்று அழுதான். ஐயோ பாவம், அவனும்தான் என்ன செய்வான்? மூன்று பிணத்தையும் கிணற்றிலிருந்து மேலே ஏற்றியவன் அவன். பாய் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க ஆத்தாவ ஒரு வார்த்த கேக்கட்டுமாப்பா?"

சென்னப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "கேளுங்க. அவளும் தூக்குன்னுதான் சொல்லுவா" என்றான்.

குள்ளம்மாள் வாசலில் அவரைக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். பாய் படிக்கப் படிக்க அவள் உரித்துக்கொண்டே இருந்தாள். 'பெற்ற வயிறு பற்றியெரிய, கண்ணீரும் கம்பலையுமாக' என்ற இடம் வந்ததும் கை நின்றது.

"இது நான் சொன்னதா பாய்?"

"நான் எழுதினதுங்க ஆத்தா."

"என் வவுறு எரிஞ்சது உனக்கு எப்படித் தெரியும்? நான் அப்ப அழுவவே இல்ல. மூணு மாசம் கண்ணுல தண்ணியே வரல எனக்கு."

பாய்க்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. தாளை மடித்துவிட்டு, "உங்க கருத்து என்னாங்க ஆத்தா?" என்று கேட்டார்.

"எங்கிட்ட இது வரைக்கும் யாரும் கேக்கல." அவள் முறத்தைத் தள்ளி வைத்தாள். "அவன் மொகத்துல நான் முழிக்க மாட்டேன். மன்னிப்பும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. செத்து ஒழிஞ்சாலும் எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா ஒண்ணு கேக்கறேன். தூக்குல போடறதுன்னா முன்னாடியே தேதி சொல்லுவாங்களா?"

"சொல்லுவாங்க ஆத்தா. வூட்டுக்கு லெட்டர் வரும்."

"எனக்கு யாரும் சொல்லல. களி கிண்டிகிட்டு இருந்தேன், ஓடிவந்து சொன்னாங்க. அதுக்கு முந்தின நிமிசம் வரைக்கும் நான் நல்லாத்தான் இருந்தேன். தீர்த்தம்மாளுக்கு லெட்டர் போட்டு, இன்ன தேதி, இத்தன மணின்னு சொல்லுவாங்களா? அவ அந்த நாளு வர்ற வரைக்கும் களி கிண்டுவாளா, திம்பாளா, தூங்குவாளா? அவளும் ரெண்டு பேரப்புள்ளைய பறிகுடுத்தவதான். ஒரு பொம்பளைக்கு அப்படி ஒரு லெட்டர் போடக் கூடாது பாய். அத எழுது. அத மட்டும் எழுது."

பாய் எழுதினார். ஒரு வார்த்தை கூட்டவில்லை. மன்னிப்புக் கிடையாது என்பதையும் அப்படியே எழுதினார். இரண்டு தரம் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகுதான் குள்ளம்மாள் கைநாட்டு வைத்தாள். சென்னப்பன் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வைக்கவில்லை, தடுக்கவும் இல்லை.

கடைசியில் பாய் எழுதிய புது மனு விசித்திரமாக இருந்தது. தூக்கு வேண்டும் என்றவர்கள் பெயரும் அதில் இருந்தது, வேண்டாம் என்றவர்கள் பெயரும் இருந்தது, தெரியவில்லை என்றவர்கள் பெயரும் இருந்தது. முந்தைய மனுவின் கைநாட்டுகள் வெள்ளைத் தாளில் வாங்கப்பட்டவை, அந்த வழியைச் சொல்லிக்கொடுத்தவன் நானே என்று எழுதித் தன் கையெழுத்தையும் போட்டார். "இதுல யாருக்குப் பாய் லாபம்?" என்று வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனாலும் அனுப்பி வைத்தார். அதற்குப் பிறகு மேசைக்கு வருகிற ஆட்கள் பாதியாகக் குறைந்தார்கள். தன் தப்பைத் தானே எழுதிக் கையெழுத்துப் போடுகிற ஆளிடம் யார் மனு எழுதுவார்கள்?

ஒன்றரை வருஷம் ஓடியது. எண்பத்தேழு தை மாதம் தீர்த்தம்மாள் ஒரு கவரை மடியில் வைத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள். சேலம் ஜெயிலிலிருந்து வந்தது, யாரையும் பிரிக்க விடாமல் கொண்டுவந்திருந்தாள். பாய் பிரித்த அவசரத்தில் கவரே கிழிந்துவிட்டது. தூக்கு ரத்து, ஆயுள் தண்டனை. காரணம் ஒன்றும் எழுதவில்லை. எந்த மனு, எந்த வார்த்தை வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது.

தீர்த்தம்மாள் அந்த ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து, "குள்ளம்மா அண்ணிகிட்ட நீங்க போயி சொல்லிருங்க பாய். அவங்க மொகத்தப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல" என்றாள்.

பாய் அடுத்த பஸ்ஸிலேயே போனார். குள்ளம்மாள் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். "செரி" என்றாள். இன்னும் ரெண்டு முறம் புடைத்தாள். பிறகு முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு, "பெரியம்மா, பெரியம்மா" என்று மகள் பெயரைச் சொல்லி ஓங்கி அழ ஆரம்பித்தாள். பாய் கிளம்பியபோதுதான் அவள் முந்தானையை விலக்கி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"பாய், எனக்கு சந்தோசம்னு மட்டும் எங்கயும் எழுதிடாத."