பத்தாம் நம்பர் மலைக்கு மருந்தடித்த மறுநாள்

நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரை வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்துகொண்டு, ராகலை டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறவள். பஸ் ஏறும் இடத்திலேயே மரக்கறிக் கடை இருக்கிறது. ஆனாலும் அங்கே கீரை வாங்க மாட்டேன். எங்கள் மலையில் விளைந்த லீக்ஸும் கோவாவும் லொறி ஏறித் தம்புள்ளைச் சந்தைக்குப் போய், வெயிலில் வதங்கி, திரும்ப எங்கள் டவுனுக்கே வந்து விலை பேசும் கூத்தை எங்கே போய்ச் சொல்ல? எனக்குக் கீரை என்றால் மேட்டு லயத்து அக்காதான். வயதாகித் தோட்டத்து வேலையை விட்ட பிறகு, மழை விட்டால் போதும், தேயிலைக்கு நடுவே தண்ணீர் ஓட வெட்டிய கான்களில் முளைக்கும் வல்லாரையைப் பிடுங்கி வாசலுக்கே கொண்டு வருவார். மழைக்காலத்து வல்லாரையில் தண்டுகூட நாராக இருக்காது.

அன்று எனக்கு லீவு. தலைப்பிரசவத்துக்கு மகளைக் கூட்டி வந்திருந்தோம். அவளுக்கு இரத்தம் குறைவு என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அக்காவிடம் இரண்டு கட்டு வாங்கி, பச்சையாகவே அரிந்து, தேங்காய்ப்பூவும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்துச் சம்பல் போட்டேன். மகள் ஆசையாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள்.

பகல் சாப்பாட்டுக்குக் கொழுந்தெடுக்கும் மலையிலிருந்து வந்த பக்கத்து வீட்டுப் பெண், போகிற போக்கில் வாசலில் நின்றாள்.

“பத்தாம் நம்பர் மலைக்கு நேத்து களைக்கு மருந்தடிச்சிருக்காங்களாம், பெரட்டுல சொன்னாங்க. மாட்டுக்குப் புல்லறுக்க அங்கிட்டுப் போயிராதீங்கக்கா.”

களைக்கு அடிக்கிற மருந்து கீரையை மட்டும் விட்டுவைக்குமா? காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் நிற்கிறவர்களுக்குத்தான் அந்தச் செய்தி போகும். டவுனுக்கு ஓடுகிற எனக்கும் தெரியாது, வேலையை விட்ட அக்காவுக்கும் தெரியாது. அக்கா கீரைக்குப் போவதோ அந்தப் பக்கம்தான். பாழாய்ப்போன மருந்து! இதை லயத்துக்கு லயம் வந்து சொன்னால் துரைமாருக்கு வாய் வலிக்குமா?

மகளை எட்டிப் பார்த்தேன். வயிற்றில் கை வைத்தபடி தூங்கினாள். மூச்சு சரியாகத்தான் வந்தது. எழுப்பவில்லை, என்ன சொல்லி எழுப்புவது? செருப்பைக்கூடப் போடாமல் மேட்டு லயத்துக்கு ஏறினேன். கடையில் வாங்கியிருந்தால் யாரைப் பிடித்துக் கேட்பேன் என்று ஏறும்போதே தோன்றியது. கடைக்காரர் லொறியைக் காட்டுவார், லொறிக்காரர் சந்தையைக் காட்டுவார். இங்கே தட்டுவதற்கு ஒரு கதவாவது இருக்கிறது. ஆனால் அந்தக் கதவுக்குள் என்ன பதில் இருக்குமோ!

அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டில் அதே வல்லாரை. நான் சொன்னதும் பிசைந்த கை நின்றுவிட்டது. பிறகு, தான் பத்தாம் நம்பர் பக்கமே போகவில்லை, இரண்டு லயமும் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கு மேலே உள்ள கானில்தான் பிடுங்கியதாகச் சொன்னார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. சாப்பிட்ட கையோடு அவரை இழுத்துக்கொண்டு போனேன்.

கானில் அவர் பிடுங்கிய இடம் சொட்டையாகத் தெரிந்தது. சுற்றிலும் வல்லாரை வாடாமல் நின்றது. மேலே மலை முகடு, அதற்கு அந்தப் பக்கம் பத்தாம் நம்பர். மழை பெய்தால் மருந்து இங்கே வராதா என்று கேட்டேன்.

“முகட்டத் தாண்டி எப்படித் தங்கச்சி வரும்? இந்தத் தண்ணிதான் நம்ம ரெண்டு லயமும் குடிக்கிறோம். அந்தத் தண்ணி கீழ் டிவிசன் பீலிக்குல்ல இறங்குது.”

போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே கான் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதேன். அழுது முடிக்கும்போதுதான் அக்கா கடைசியாகச் சொன்னது காதுக்குள் இறங்கியது. என் மகளைக் கட்டிக் கொடுத்திருப்பது இதே தோட்டத்துக் கீழ் டிவிசனில். பத்துக்கு மருந்தடிப்பது நேற்று மட்டுமா? போன வாரம் வரை அவள் குடித்ததும் சமைத்ததும் அந்தப் பீலித் தண்ணீரில்தான். பிள்ளையைப் பெற்றுத் தூக்கிக்கொண்டு போகப் போவதும் அங்கேதான்.

அக்காவைப் பார்த்தேன். அவரும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாயங்காலம் மகள் எழுந்து இன்னும் கொஞ்சம் சம்பல் கேட்டாள். பயமில்லாமல் வைத்தேன். சாப்பிட்டு முடித்து, குடிக்கத் தண்ணீர் கேட்டாள். எங்கள் பீலித் தண்ணீர்தான் என்று தெரிந்தும், மொண்ட செம்பை அவளிடம் நீட்டாமல் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன்.