காக்கியில் போட்ட ஓட்டு

என் வீட்டுக்காரருக்கு இரண்டு உடுப்புகள் இருந்தன. ஒன்று பட்டாளத்துக் காக்கி, இன்னொன்று கதர் ஜிப்பா. இரண்டையும் துவைத்துக் கஞ்சி போட்டவள் நான்தான்.

அந்தமானில் அப்போது சட்டசபை ஏது? சர்க்காருக்கு யோசனை சொல்ல ஒரு சபை இருந்தது. அதில் எங்கள் பாம்பூஃப்ளாட்டுக்கு இவர் மெம்பர். வருஷத்தில் சில மாதம் பகுதிநேரப் பட்டாளத்தில் ஹவில்தார். ஆள் பஞ்சமான ஊர், ஒரே மனுஷரை நாலு நாற்காலியில் உட்கார வைப்பார்கள். பட்டாளத்தில் இவருக்கு மேலே இருந்த கர்னலே சபைக்கும் தலைவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

இவர் பயந்தாங்கொள்ளி என்று நினைக்க வேண்டாம். ரேஷன் அரிசியில் கல் கிடக்கிறது என்று கர்னலின் மேசை மேலேயே ஒரு பிடியைக் கொட்டிக் காட்டியவர். அன்றைக்கு ஜிப்பா போட்டிருந்தார்.

எனக்கு ஜங்லிகாட்டில் ஒரு சின்ன மருத்துவமனையில் ஆயா வேலை. சாயங்கால டியூட்டி. முடிந்ததும் சாத்தம் படகுத்துறைக்குப் போய்க் கடைசிப் படகைப் பிடித்து அக்கரையில் இருக்கும் எங்கள் ஊருக்கு வருவேன். ஆள் குறைவு, டீசல் வீண் என்று அந்தப் படகை நிறுத்தச் சபையில் ஒரு தீர்மானம் வந்தது. படகு நின்றால் என் வேலை போச்சு. என்னைப் போல அந்தப் படகை நம்பியவர்கள் இன்னும் பலர் இருந்தார்கள்.

"நான் இருக்கிறப்ப நிறுத்திடுவானுங்களா? கவலைப்படாம தூங்கு," என்றார் இவர்.

சபையில் பேர் கூப்பிட்டு ஓட்டு எடுப்பார்கள். ஆதரிப்பவர் 'ஹாங்' அல்லது 'ஜீ சாப்' என்பார், எதிர்ப்பவர் 'நஹீ'. அந்த வாரம் பூராவும் குளிக்கும்போதுகூட நஹீ, நஹீ என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள், "க்யா ஹுவா பெஹன், மியான்-பீவி ஜக்டாவா?" என்று கேட்டாள். புருஷன் பெண்டாட்டிச் சண்டையெல்லாம் இல்லை, ஓட்டுப் பாடம் படிக்கிறார் என்றேன்.

ஓட்டு எடுத்த அன்று காலையில் பரேடு. உடுப்பு மாற்ற நேரமில்லாமல் காக்கியோடும் பூட்ஸோடும் நேரே சபைக்குப் போயிருக்கிறார். கர்னல் ஒவ்வொருவராக மெம்பர் சாப், மெம்பர் சாப் என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தவர், இவர் முறை வந்ததும் காக்கியைப் பார்த்தார். பழக்கம் விடுமா?

"ஹவில்தார்!"

இவர் விறைப்பாக எழுந்து, குதிகாலைத் தட்டி, "ஜீ சாப்!" என்றார்.

குமாஸ்தா ஆதரவு என்று எழுதிக்கொண்டான். அந்த ஒரு ஓட்டில் தீர்மானம் நிறைவேறியது.

இதை எனக்கு முதலில் சொன்னவர் ஷாதிபூரிலிருந்து வந்த தெலுங்கு மெம்பர். படகுத்துறையில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஏங்க, வாய் தவறிடுச்சு, சரி. மனுஷன்னா தவறத்தான் செய்யும். உடனே, சாப், நான் சொன்னது நஹீன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை.

"சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள பைட் ஜாவ்னுட்டாரு."

"அதுக்கு?"

"உட்கார்ந்துட்டேன்."

அடுத்த மாதம் படகு நின்றது, நானும் வேலையை விட்டேன். இதைப் பற்றி நாங்கள் அப்புறம் சண்டை போட்டதில்லை. அடுத்து வந்த தேர்தலில் ஜிப்பாவுக்குக் கஞ்சி போட்டு இஸ்திரியும் போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டு, நான் போய் எதிராளிக்கு ஓட்டுப் போட்டேன். மத்தியானம் சோறு போடும்போது அவரிடமே சொன்னேன்.