மூடிக்கொண்ட பைன் காய்

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் கண்டுபிடித்து யாரும் என்னைத் திட்ட வேண்டாம். பக்கத்து வீட்டில் புது மிக்ஸி வாங்கினால், எங்கள் வீட்டு மிக்ஸி போடும் சத்தம் அன்றைக்குத்தான் என் காதில் விழும். ஆனால் ஒரு மரத்துக்காக, அதுவும் கண்ணால் பார்த்தேயிராத ஒரு மரத்துக்காக வயிறு எரிந்தது ஒரே ஒரு தடவைதான்.

விருத்தாசலத்தில் செராமிக் பொம்மை செய்யும் சின்ன கம்பெனி ஒன்றில் அச்சு எடுப்பது என் வேலை. மாதிரிப் பொருளைச் சுற்றி பிளாஸ்டரை ஊற்றி, இறுகியதும் இரண்டு பாதியாகப் பிரித்து எடுத்தால் அச்சு தயார். பிறகு அதில் களிமண் கூழை ஊற்றினால் பிள்ளையாரோ வாத்தோ வரும். என் பக்கத்து மேசையில் இன்னொருத்தி இருந்தாள். என் வயதுதான். இரண்டு பேரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அச்சு அறைக்குப் பொறுப்பாக இருந்தவர் வேலையை விட்டுப் போனபோது, அந்த இடம் எங்கள் இருவரில் ஒருத்திக்குத்தான் என்று ஆகிவிட்டது. ஒருத்தி என்றால் நான்தான் என்று என் மனதில் முடிவே செய்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் கொடைக்கானலில் ஒரு கடையிலிருந்து ஆர்டர் வந்தது. பைன் காய் போலவே ஊதுபத்தி ஸ்டாண்ட் வேண்டும், செதில் செதிலாக அசலாகத் தெரிய வேண்டும். முதலாளி போனில் வந்த படத்தை எங்கள் இருவருக்கும் காட்டினார். யாருடைய அச்சு சரியாக வருகிறதோ அவருக்கே அச்சு அறைப் பொறுப்பு என்றார்.

நான் முந்திக்கொண்டேன். பைன் என்பது நம் சவுக்குதான், கம்மாபுரம் பக்கம் எங்கள் ஊரில் தோப்பு தோப்பாக நிற்கிறது என்று சொன்னதோடு விடாமல், கேட்டுக்கு வெளியே நின்ற சவுக்கில் ஒரு கொப்பை ஒடித்தும் வந்தேன். அதே ஊசி, அதே காய், அளவுதான் சின்னது என்றேன். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். ஒரு ஊசியை எடுத்து இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தாள். கணுவில் கழன்று வந்தது. மறுபடி இழுத்தாள், அடுத்த கணுவிலும் கழன்றது. இது ஊசியே இல்லை, மெல்லிய கிளை, பைன் ஊசிக்குக் கணு கிடையாது என்று முதலாளியிடம் அமைதியாகச் சொன்னாள். நானாக வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

மறுநாள் ஒரு துணிப்பையோடு வந்தாள். அவள் வீட்டுக்காரர் யாத்திரை பஸ் டிரைவர். கோடையில் கொடைக்கானல், மற்ற நாளில் காசி, பத்ரிநாத். இவளும் சமையலுக்கு ஆள் குறையும்போது கூடப் போய்விடுவாள். போன இடத்தில் எல்லாரும் தீர்த்தம் பிடித்துக்கொண்டு வந்தால் இவள் காயும் ஊசியும் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாவற்றையும் பேப்பரில் பரப்பினாள். சாப்பாட்டை விட்டுவிட்டு எல்லாரும் அவளைச் சுற்றி நின்றார்கள். நான் என் டப்பாவிலிருந்த புளிச்சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் காது அங்கேதான் இருந்தது.

பைனில் எந்த ஜாதி என்று தெரிய ஊசியை எண்ண வேண்டுமாம். ஊசி தனித்தனியாக வராது, அடியில் ஒரு சின்ன உறைக்குள் கொத்தாக இருக்கும். கொடைக்கானலில் எடுத்ததில் கொத்துக்கு மூன்று. மெலிந்த ஊசி, எண்ணெய் வைத்துச் சீவிய தலைமுடி போலக் கீழே தொங்கும், காய் சின்னது, கல் மாதிரி கெட்டி, கிளையை ஒட்டிக் கும்பலாக உட்கார்ந்திருக்கும். பத்ரிநாத் ஏறும் வழியில் அடிவாரத்தில் நிற்பதற்கும் மூன்றுதான். ஆனால் ஊசி நீளம், காய் இரண்டு கையிலும் ஏந்துகிற அளவு, ஒவ்வொரு செதில் நுனியும் கொக்கி போல வளைந்து கையைக் குத்தும். இன்னும் மேலே போனால் ஐந்து ஊசிக்காரன், காய் வாழைக்காய் போல நீண்டு தொங்கும், அதில் பிசின் வழியும். தேவதாருவைப் பைன் என்று சொல்லி ஏமாற்றுவார்கள், நம்பக் கூடாது. அதன் காய் கிளைமேல் நிமிர்ந்து உட்காரும், முற்றினால் மரத்திலேயே உதிர்ந்துவிடும், முழுசாகக் கையில் கிடைக்காது. இரண்டு ஊசி உள்ளதும் உண்டாம், அதை மட்டும் அவள் பார்த்ததில்லை. அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் சோறு இறங்கியது.

வருடங்கள் போனாலும் ஒன்றுகூட மறக்கவில்லை. ஆசையாகப் படித்த பாடமெல்லாம் மறந்துவிட்டது, இது நிற்கிறது.

அன்று மாலைக்குள் நான் படத்தைப் பார்த்துக் களிமண்ணில் ஒரு காய் பிடித்தேன். முதலாளி வந்து திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சீத்தாப்பழம் நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார். அவளுக்கும் சரிவரவில்லை என்பதுதான் ஒரே ஆறுதல். அசல் காயையே வைத்து அச்சு எடுக்கப் பார்த்தாள். விரிந்த செதிலுக்கு அடியிலெல்லாம் பிளாஸ்டர் புகுந்து இறுகிக்கொண்டது. பிரித்தபோது அச்சும் உடைந்தது, காயும் உடைந்தது. இரண்டு காய் இப்படிப் போனபின் மேசையில் மிஞ்சியது ஒன்றுதான், அந்தக் கொக்கிச் செதில் பெரிய காய். நாளைக்கு வேறு விதமாகப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

நான் கடைசியாகக் கிளம்பினேன். அவள் மேசையைத் தாண்டும்போது கை தானாகப் போனது என்று சொன்னால் அது பொய். யோசித்துத்தான் செய்தேன். காயை எடுத்துக் கத்தி கழுவும் பக்கெட்டுத் தண்ணீரில் போட்டேன். மிதந்தது. உடைந்த பிளாஸ்டர்க் கட்டி ஒன்றை மேலே வைத்து அமுக்கினேன். விடிவதற்குள் ஊறி நாறிப்போகும், அவளும் என்னைப் போல வெறுங்கையோடு நிற்பாள் என்று நினைத்தேன். அன்று வீட்டில் நன்றாகத் தூங்கவும் செய்தேன்.

காலையில் அவள் பக்கெட்டிலிருந்து காயை எடுத்தபோது நான் கத்தி தீட்டிக்கொண்டிருந்தேன். விரிந்திருந்த செதில் அத்தனையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து, காய் மொக்கு மாதிரி இறுக மூடிக்கொண்டிருந்தது. ஒழிந்தது என்று சந்தோஷப்பட்டேன். அவள் முகம் சுருங்கியது. பிறகு விரலால் காயைச் சுற்றித் தடவிப் பார்த்தாள். முதலாளி பக்கம் திரும்பினாள்.

"பத்ரிநாத் வழியில மழ பெஞ்ச அன்னிக்கி கீழ கெடந்ததெல்லாம் இப்படித்தாங்க மூடிக்கெடந்துது. பிஞ்சுன்னு நெனச்சிட்டேன். ஈரம் பட்டா மூடிக்குது போலருக்குது."

மூடிய காயில் பிளாஸ்டர் புக இடுக்கே இல்லை. ஈரம் காய்வதற்குள் சோப்புக் கரைசல் தடவி ஒரு பாதி ஊற்றினாள், பிறகு மறு பாதி. பிரித்தபோது அச்சு வெண்ணெய் போலக் கழன்று வந்தது, செதிலும் கொக்கியும் அச்சு அசலாக. தண்ணீரில் போட எப்படித் தோன்றியது என்று முதலாளி கேட்டார். அது என் யோசனை இல்லை, யாரோ தெரியாமல் போட்டுவிட்டார்கள் போல என்றாள். அதையும் அவர் அடக்கம் என்றுதான் எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம் அச்சு அறைச் சாவி அவள் இடுப்புக்குப் போனது.

நான் செய்த ஒரே நல்ல காரியம் அது, அதை நான்தான் செய்தேன் என்று வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. கொடைக்கானலுக்குப் பெட்டி பெட்டியாகக் காய் போனது. கூழ் ஊற்றியது நான், பெயர் அவளுக்கு. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தேன். மனசாட்சி உறுத்தியது என்று சொல்ல மாட்டேன். அந்தப் பெயரில் பாதி எனக்கு வேண்டியிருந்தது. ஒருநாள் அச்சுகளை வெயிலில் அடுக்கும்போது, அன்றைக்குக் காயைத் தண்ணீரில் போட்டது நான்தான் என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

அவள் கையில் இருந்த அச்சைக் கீழே வைத்தாள்.

"தெரியும். அன்னிக்கி பூரா நீ என் மொகத்தப் பாக்கவே இல்ல. செஞ்சி பாப்போம்னு போட்டிருந்தீன்னா சார்கிட்ட ஒம் பேரத்தான் சொல்லியிருப்பேன். நீ அழிக்கத்தான போட்ட?"

ஆமாம் என்றேன். அவள் அடுத்த அச்சை எடுத்து அடுக்கத் தொடங்கினாள். எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பொறாமை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் தெரிந்த அன்றைக்கே ஊரைக் கூட்டியிருப்பேன்.