ஒரே தடவையில் மூடிய கதவு

என் பழைய காண்டெஸா காரின் இடப்பக்கக் கதவு துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. ஜோலார்பேட்டையில் ஒரு ரயில்வே பெரியவர் தன் காண்டெஸாவைக் காயலான் கடைக்குப் போடும் முன் அதன் கதவை எனக்குக் கொடுத்தார்.

இன்று ஆம்பூர் பட்டறையில் டிங்கர் பாய் அதன் அடிப்பகுதிக்குப் புதுத் தகடு வெல்டிங் செய்து, என் வண்டியில் மாட்டினார். பெரியவரும் பார்க்க வந்திருந்தார்.

அவரே கதவைத் திறந்து மூடினார். ஒரே தடவையில் மூடிக்கொண்டது.

“இன்னா சார், ஃபிட்டிங் ஓகேவா?” என்று பெரியவரிடம் கேட்டார் பாய்.

“நல்லா கீது பாய். என் வண்டில வீட்டம்மா இந்தப் பக்கந்தான் உக்காருவா. நாலு தடவை இழுத்து அடிச்சாதான் மூடும். ஒவ்வொரு தடவையும் என்னைத் திட்டுவா.”

“அவங்களையும் கூட்டினு வந்திருக்கலாமே சார்?” என்றேன், தெரியாமல்.

“போன தை மாசம் போய்ட்டா.”

அவர் மறுபடி கதவைத் தொடவில்லை.

ஒரு கதவு இவ்வளவு நன்றாக மூடிக்கொள்ள வேண்டாமே என்று உங்களில் யாருக்காவது தோன்றியிருக்கிறதா?