கோஸுக்கு அடியில்

அஸ்தம்பட்டி காய்கறிக் கடையில் சாயங்காலங்களில் அந்தப் பெண்ணைப் பார்ப்பேன். ஜவுளிக்கடைச் சீருடைச் சேலை கட்டியிருப்பார். கடைக்குள் வந்தும் ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டார். பையின் அடியில் முதலில் நூடுல்ஸ் பாக்கெட்டை வைப்பார். பிறகு அது வெளியே தெரியாதபடி முட்டைக்கோஸ், கேரட், குடைமிளகாய் என்று மேலே அடுக்குவார்.

ஒருநாள் அவர் பணம் கொடுக்கத் திரும்பியபோது பை சாய்ந்து, பாக்கெட் என் காலடியில் வந்து விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

“கொழந்தைங்களுக்குங்களா?” என்றேன்.

“இல்லீங்க, மாமனாருக்கு. அவருக்குச் சக்கர இருக்குதுங்க. ஊட்டுக்காரருக்குத் தெரிஞ்சா வைவாரு. அவரு வேல முடிஞ்சு வாரதுக்குள்ள சட்டுனு வதக்கிக் குடுத்துருவேன்.”

“சக்கரைக்கு இது ஆகாதேங்க?”

ஹெல்மெட்டுக்குள் அவர் முகம் சுருங்கிப்போனது.

“அத்த போனதுலருந்து மாமா வாயத் தொறந்து கேக்கறது இது ஒண்ணுதானுங்க.” கொஞ்சம் நிறுத்தி, “காயி நெறையாப் போட்டுத்தானுங்க செய்யறேன்” என்று பையை விரித்துக் காட்டினார்.

நான் டாக்டருமில்லை, அவர் வீட்டு மனுஷருமில்லை. ஆனாலும் நான் தலையாட்டும்வரை அவர் அந்தப் பையை மூடவில்லை.