மூத்தவளுக்கு எழுதின வீடு

எங்கள் ஊர்ப்பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. அதிலும் தாய் இருக்கிற வீடு மூத்தவளுக்கு. அடுத்தவளுக்குத் தாய்தகப்பன் வேறொன்று கட்டிக் கொடுக்க வேணும். கல்லடியில் நான் இருக்கிற வீடு அப்படித்தான் அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது. குடி என்கிற வம்சமும் தாய்வழிதான். அதனால் பிள்ளையில் ஒரு குறை என்றால் அதுவும் தாய்வழியாகத்தான் வந்திருக்கும் என்று எங்கள் சனம் முடிவு கட்டிவிடும். நல்ல முடிவு!

எனக்கு இரண்டு மகள்மார். மூத்தவள் ஒன்றரை வயது வரைக்கும் எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான் இருந்தாள். "அம்மா" என்றாள், "காக்கா" என்றாள், பிஸ்கட்டைத் தானே பிடித்துத் தின்றாள். பிறகு ஒவ்வொன்றாகப் போனது. பேச்சுப் போனது, கைப்பிடி போனது. இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துப் பிசையத் தொடங்கினாள், நான் கிணற்றடியில் சேலை பிழிகிற மாதிரி. இன்றைக்கு இருபத்திரண்டு வயது. விழித்திருக்கிற நேரமெல்லாம் பிசைகிறாள்.

"உன்ட குடியில ஆருக்கோ இருந்திருக்கு" என்றார்கள் என் புருஷனுடைய ஆட்கள். என் கூடப்பிறந்த அண்ணனோ, "நம்மட குடியில இப்பிடி ஒண்டும் இல்ல, நீ என்ன பாவம் செய்தியோ" என்றார். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. கோயிலுக்கு நேர்த்தி வைத்தேன், நூல் கட்டினேன், பதினாறு வருஷம் வாயைப் பொத்திக்கொண்டு திரிந்தேன். அதை நினைக்க இப்பவும் எனக்கு என்மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

அவளுக்குப் பதினெட்டு வயதானபோதுதான் கொழும்பில் ஒரு டொக்டர் எங்கள் மூன்று பேரின் இரத்தத்தையும் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பினார். வந்த காகிதத்தில் ஒரு மரபணுவின் பெயர் இருந்தது. நாலு இங்கிலீஷ் எழுத்து, பின்னால் ஒரு இரண்டு: எம்.இ.சி.பி. இரண்டு. டொக்டர் தமிழ் தெரிந்த மனுசி, பொறுமையாக விளக்கினார். அந்த மரபணு ஒரு புரதத்தைச் செய்யவைக்குமாம். அந்தப் புரதம் டி.என்.ஏ. இழையில் அடையாளம் உள்ள இடங்களைத் தேடிப் பிடித்துக்கொண்டு, எந்த மரபணு வேலை செய்யவேணும், எது அடங்கி இருக்கவேணும் என்று பார்த்துக்கொள்ளுமாம். மகளுடையதில் ஒரு எழுத்து மாறிவிட்டது. புரதத்துக்கு இழையைப் பிடிக்க ஏலாமல் போய்விட்டது.

"இது ஆரிட்ட இருந்து வந்தது, டொக்டர்?" என்று கேட்டேன்.

"உங்கள் இரண்டு பேரின் இரத்தத்திலும் இல்லை. பிள்ளை உருவாகிறபோது புதிதாக வந்த மாற்றம். ஒருத்தர்மேலும் பிழை இல்லை."

ஆஸ்பத்திரி விறாந்தையில் வாய்விட்டு அழுதேன். அழுது முடித்து, அந்தக் காகிதத்தைப் போட்டோக்கொப்பி அடித்தேன். ஊருக்கு வந்து கேட்ட ஆளுக்கும் காட்டினேன், கேட்காத ஆளுக்கும் காட்டினேன்.

மறுகா, அதெல்லாம் ஓய்ந்த பிறகு, வீட்டுக் கதை வந்தது. இந்தத் தைப்பொங்கல் கழிய அண்ணன் வந்து கதிரையில் இருந்தார்.

"தங்கச்சி, சின்னவளை என்ட மகனுக்கு எடுக்கிறன். முறைதானே. இந்த வீட்டை அவட பேரில எழுது."

"இது மூத்தவட வீடு, அண்ணே."

"விசர்க் கதை கதைக்காத. அவள் கலியாணம் முடிக்கப்போறாளா? அவளுக்கு என்னத்துக்கு வீடு?"

"இருக்கிறதுக்கு" என்றேன். "வாய் பேசாத புள்ள எண்டா வீடுவளவில்லாமப் போகுமா? நாங்க கண்ணை மூடினாப் பிறகு உங்கட மகன்ட வீட்டு மூலையில பாயைப் போட்டுக் கிடக்கோணுமா? அந்த மூலையும் எத்தின நாளைக்கு?"

"அப்ப சம்பந்தம் இல்ல."

"வேணாம். போயிற்று வாங்க."

என் புருஷன் ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். "சின்னவளுக்கு நாம இன்னும் ஒரு கல்லும் வைக்கல்லயே" என்றார். "வைப்பம். கையிருக்கு, காலிருக்கு" என்று அவரோடும் பாய்ந்தேன்.

போன மாதம் நாலு பேரும் ஓட்டோவில் பாலம் கடந்து, டவுனில் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசிடம் போனோம். அவர் எழுதி வைத்த உறுதியை வாசித்தார். நாங்கள் சாகும்வரை இருக்கலாம், வீடு மூத்தவளுக்கு. வாசித்து முடித்து, "நன்கொடையை இவவுக்காக ஒருத்தர் ஏற்றுக் கையெழுத்து வைக்க வேணும். வழமையில தாய்மாமன் வைப்பார். ஆர் வைக்கிறது?" என்று கேட்டார். அந்தத் தாய்மாமனைத்தான் நான் அனுப்பிவிட்டேனே. இதை நான் யோசிக்கவேயில்லை.

அக்காவின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்த சின்னவள் எழும்பினாள். அவளுக்குப் பத்தொன்பது வயது.

"நான் வைக்கிறன்" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "அம்மா, பெரிய மாமாவோட சண்டை பிடிச்சீங்க, அப்பாவோட சண்டை பிடிச்சீங்க. என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டீங்களா?"

கேட்கவில்லைதான்.

"நீ மாட்டன் எண்டிருவியோ எண்டு பயம், மகள்."

"அக்காக்கு ரெண்டு நேரமும் வாயில சோறு தீத்துறது ஆரு? நான். அப்பிடியிருந்தும் என்னையும் மாமாவோட சேத்து எண்ணிட்டீங்க."

நொத்தாரிசு விரல் வைத்துக் காட்டிய இடத்தில் தன் முழுப்பேரையும் எழுதினாள். அடுத்தது என் கையெழுத்து. நான் நீட்டின கையில் பேனையைத் தராமல் மேசையில் வைத்தாள்.